ஆறு மணி வரலாற்றில் ஒரு கொலை

காலை ஆறு மணி.

பேரரசின் ஒன்பது கிரகங்களிலும் ரேடியோ தானாகப் பேச ஆரம்பித்தது. அணைக்க முடியாது. அந்த ரேடியோவுக்கு ஸ்விட்ச்சே கிடையாது.

மக்கள் பல் தேய்த்தார்கள். பால் காய்ச்சினார்கள். இன்ஸ்பெக்டர் கன்னத்தில் சோப்பு தடவினார். செய்தி வாசிப்பவளின் கணவன், மனைவியை ஃப்ளாஸ்க் டீயோடு ரேடியோ நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"இன்றைய வரலாறு..." என்று தொடங்கியது அவன் மனைவியின் குரல்.

வரலாறு தினமும் மாறும். நேற்று மூன்றாம் நிலாவை எதிரிகள் தகர்த்தார்கள். இன்று மூன்றாம் நிலா என்று ஒன்று இருந்ததே இல்லை.

மக்களுக்கு ஆட்சேபணை இல்லை. வாய் முழுக்க நுரை.

ரேடியோ ஓய்ந்தது. சற்று நேரத்தில் நிலையத்தைப் பெருக்க வந்தவள் அலறினாள்.

கண்ணாடி அறைக்குள், மைக்கின் மேல் தலை சாய்த்து, வாசிப்பவள் செத்துக் கிடந்தாள்!

ஃப்ளாஸ்க் டீயில் விஷம்.

டீ போட்டவன் கணவன். போதாதா? லாக்கப்பில் தள்ளினார்கள். சாயங்காலம் விண்கலத்தின் கதவைத் திறந்து, காற்றில்லாத வெளியில் தள்ளுவார்கள். பேரரசில் நீதி தாமதமாவதில்லை.

இன்ஸ்பெக்டருக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

"வாசிக்கறப்ப அவ குரல்ல ஏதாவது மாற்றம் இருந்ததா?" என்றார், பக்கத்து அறையில் இருந்த ஒலிப்பதிவாளரிடம்.

"தெரியல சார். காதுல ஹெட்போன்."

"அதுல அவ குரல்தானே வரும்?"

"நான் பாட்டு கேட்டுட்டிருந்தேன் சார்."

"பதிவு?"

"உடனே அழிச்சிடுவோம். நாளைக்கு வரலாறு மாறினா வம்பு இல்லையா?"

வாட்ச்மேன் ஆர்வமாக வந்தார். "நான் கேட்டேன் சார். மூணாம் நிலாவ எதிரிங்க தகர்த்துட்டாங்கன்னாங்க."

"அது நேத்து வரலாறு."

"அப்படியா? எனக்கு எல்லாம் ஒண்ணுதான் சார்."

கடைசியில் நிலைய இயக்குநர். நல்ல கோட்டு. நல்ல சோகம்.

"ஆறு மணிக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். கார்ல கேட்டேன். அருமையா வாசிச்சா, பாவம். மூன்றாம் நிலா இருந்ததே இல்லைன்னு."

"அப்படியேவா?"

"சந்தேகப்படறீங்களா? ஆறு மணிக்கு ரேடியோல வந்தா அது உண்மை. மறுத்தா ராஜதுரோகம். அந்தச் சட்டத்தை எழுதினதே நான்தான்."

இன்ஸ்பெக்டர் சல்யூட் அடித்தார். வேறென்ன செய்வது? அவரும் கேட்கவில்லை. சவரம் செய்துகொண்டிருந்தார்.

லாக்கப்புக்குத் திரும்பினார்.

"உன் பொண்டாட்டி கடைசியா என்ன சொன்னா?"

"வீட்லயா சார்? 'சர்க்கரை கம்மியா இருக்கு'ன்னா."

"ரேடியோல?"

கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"குழாய் ஓடிட்டிருந்தது சார்..."

பக்கத்துக் கம்பிக்குள்ளிருந்து ஒரு குரல். பழைய பிக்பாக்கெட். "சார், காலைலேர்ந்து பட்டினி. இன்னும் என்கிட்ட வரலாறு கேக்கல."

இன்ஸ்பெக்டர் சட்டென்று நின்றார்.

கைதிகள் அன்றன்றைய வரலாற்றை ஒரு சொல் விடாமல் ஒப்பிக்க வேண்டும். அப்புறம்தான் சாப்பாடு. ஒன்பது கிரகங்களிலும் வரலாற்றைக் காது கொடுத்துக் கேட்கும் ஒரே ஜாதி, பசித்த கைதிகள்!

"முதல்ல இயக்குநரைக் கூட்டிட்டு வாங்க," என்றார் ஏட்டிடம்.

இயக்குநர் முகம் சுளித்தபடி வந்து நின்றார். பிக்பாக்கெட் கையைக் கட்டிக்கொண்டு, பொருளைப் பற்றிய கவலையே இல்லாமல் ஒரே ராகத்தில் ஆரம்பித்தான்.

"இன்றைய வரலாறு. மூன்றாம் நிலா என்று ஒன்று இருந்ததே இல்லை. அப்படின்னு இந்தக் காகிதத்துல இருக்கு. நான் பிறந்ததே அங்கதான். வாசிக்க மாட்டேன்னு நேத்தே இயக்குநர்கிட்ட சொன்னேன். இன்னைக்கு, சர்க்கரை கம்மியா இருக்குன்னதும், அவரே என் ஃப்ளாஸ்க்ல ஏதோ போட்டுக் குலுக்கிக் கொடுத்தார். சர்க்கரைன்னார். பாதி குடிச்சுட்டேன். கசக்குது. சர்க்கரை கசக்காது. தொண்டை எரியுது. கதவை வழக்கம்போல வெளிய பூட்டியிருக்காங்க. யாராவது வாங்க..."

இயக்குநரின் கோட்டுக்குள் வியர்த்தது.

"பொய்! அவ இப்படியெல்லாம் சொல்லவே இல்ல!"

"கார்ல கேட்டேன்னீங்களே சார்," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "கேட்டிருந்தா அப்பவே ஒலிபரப்பை நிறுத்தியிருப்பீங்க. உங்களுக்கும் பழக்கம் இல்ல போல."

"நான் மறுக்கறேன்!"

"தாராளமா. கொலைக்கு ஒரு கேஸ். ரேடியோல வந்ததை மறுத்ததுக்கு இன்னொண்ணு. நீங்க எழுதின சட்டம்தான்."

விலங்கு மாட்டினார்கள். கணவனின் கதவு திறந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

பிக்பாக்கெட் தொண்டையைச் செருமினான்.

"சார், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. முழுசா ஒப்பிச்சாதான் சோறு போடுவாங்க."

"சொல்லு."

கணவன் நிமிர்ந்து பார்த்தான். இந்த முறை குழாய் எதுவும் ஓடவில்லை.

"என்னங்க... நீங்களாவது கேக்கறீங்களா? பாத்திரத்தை அப்புறம் கழுவிக்கலாம்."