விளக்கு எந்தச் சுவரில்?

எங்கள் அம்மா யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் தடவிப் பார்ப்பார். மற்றவர்கள் சோபாவைப் பார்ப்பார்கள், டிவி எத்தனை இன்ச் என்று பார்ப்பார்கள். அம்மாவுக்குச் சுவர்தான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் விரலால் ஒரு தேய்ப்பு. நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

அம்மாவின் பெயர் கஸ்தூரி. கள்ளிக்குப்பத்தில் ஃபேன் ஓடவில்லை, சுவிட்ச் சுடுகிறது என்றால், "கஸ்தூரி அக்காவைக் கூப்பிடு" என்பார்கள். எலக்ட்ரீசியன் என்றால் மீசை வைத்தவர்தான் வர வேண்டும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு ஃபேனும் ஒருநாள் நிற்கும். அன்றைக்குத் தெரிந்துகொள்வார்கள்.

நான் சுரேகா. ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிறேன்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்தெரு கார்த்திகேசன் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. முகத்தில் பரீட்சைக்குப் போகிறவரின் களை.

"அக்கா, நாளைக்கு எனக்கு லீவு முடியுது. மண்ணூர்பேட்டை கம்பெனிக்குப் போயே ஆவணும். எங்க அக்காவும் ஊருக்குப் போயிட்டாங்க. இனிமே ஊட்ல புஷ்பாவும் பரத்தும் மட்டும்தான்."

பரத் அவர்களுடைய குழந்தை. பிறந்து நான்கு மாதம். புஷ்பா அக்காவுக்குக் காது கேட்காது. கையால் பேசுவார், நோட்டில் எழுதிக் காட்டுவார். தையலில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எங்கள் பள்ளி யூனிஃபார்மில் பாதி அவர் தைத்ததுதான்.

"பரத்து அழுதா இந்தப் பொட்டி கண்டுபிடிச்சு லைட்டை மினுக்கும்," என்று அண்ணன் பெட்டியைத் திறந்து காட்டினார். "ஹால்ல தூளிக்கு மேல பொட்டி, உள்ளே கிச்சன்ல லைட்டு. ரெண்டுக்கும் நடுவுல வயர் இழுக்கணும். ஆனா ஓனர் வேம்புலி சுவத்தைக் கொத்தக் கூடாதுன்னுட்டாரு."

"கொத்த வேணாம். கேசிங் பட்டி போட்டுரலாம்," என்றார் அம்மா.

கேசிங் பட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுவரின் மேல் வெள்ளையாக, நீளமாக ஓடும் பிளாஸ்டிக் பட்டி. அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு மூடி. நடுவில் வயர் பத்திரமாகப் படுத்திருக்கும்.

"அக்கா, நாப்பது யூனிஃபார்ம் ஆர்டர் கீது அவளுக்கு," என்றார் அண்ணன் மெதுவாக. "லைட்டு சரியா வரலைன்னா, கொழந்தைய வுட்டு அவளால தைக்க முடியாது. ஆர்டரைத் திருப்பிக் குடுன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

அம்மா உடனே டிரில்லைப் பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் வீட்டுக்குப் போனதும் அம்மா வழக்கம்போலச் சுவரைத் தேய்த்துப் பார்த்தார். விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது.

"பின்னாடி பசை வெச்ச பட்டி கடையில கிடைக்குமே அக்கா? ஓட்டை போடற வேலையே இல்லியே?" என்றார் அண்ணன்.

"பசை இந்தத் தூளைத்தான் புடிக்கும், சுவத்தைப் புடிக்காது. நாலே நாள்ல வயரோட தொங்கும். ஸ்க்ரூதான் போடணும்."

பிறகு கடைக்குப் போனோம். அங்கேயும் அண்ணன் மிகவும் ஒல்லியான பட்டியைத்தான் எடுத்தார். அம்மா அதை வாங்கித் திரும்ப வைத்துவிட்டார். "வயருக்கும் மூச்சு வுட எடம் வேணாமா? அடைச்சு வெச்சா மூடி நிக்காது." ஓர் அங்குலப் பட்டியை எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, வளைவு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். எங்கள் அம்மா கத்திரிக்காய்கூட அவ்வளவு கவனமாகப் பொறுக்கமாட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோதும் வீட்டில் புஷ்பா அக்கா இல்லை. துளை போடும் தூசி குழந்தைக்கு ஆகாது என்று அண்ணன் அவரையும் குழந்தையையும் தோழி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். தையல் மெஷினையும் ஹாலுக்குத் தூக்கி வந்து போர்வை போட்டு மூடியிருந்தார்.

"கிச்சன்ல லைட்டு எங்க வெக்கணும்?" என்று அம்மா கேட்டார்.

"அடுப்புக்கு மேல வெச்சுருங்க. அவ எப்பவும் அடுப்பாண்டதான் நிப்பா."

அம்மா மெயினை அணைத்தார். நூல் பிடித்துக் கோடு போட்டார். முனை சேரும் இடங்களில் பட்டியைச் சாய்வாக அறுத்தார். இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தபோது நடுவில் ஒரு மயிரிழைகூட நுழையாது. பேட்டரி டிரில்லால் துளை, துளைக்குள் பிளாஸ்டிக் பிளக், அதில் ஸ்க்ரூ. கடைசியில் மூடியை அழுத்தியதும் 'டக்' என்று உட்கார்ந்தது. அந்த 'டக்' சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் அம்மாவைப் போல இந்த உலகத்தில் யாருமே பட்டி அடிக்க முடியாது என்று அப்போதெல்லாம் தோன்றும்.

மூன்று மணிக்குப் புஷ்பா அக்கா குழந்தையோடு வந்தார். அண்ணன் பெட்டியின் அருகே போய், "ங்ஙே!" என்று குழந்தையைப் போல அழுதார். அடுப்புக்கு மேல் விளக்கு மினுக்கியது. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். புஷ்பா அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

சிரிக்கவும் செய்தார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. பிறந்தநாளைக்கு அத்தை வாங்கி வந்த கவுன் இரண்டு அளவு சின்னதாக இருந்தபோது நான் சிரித்தேனே, அதே சிரிப்பு.

அம்மாவும் அண்ணனும் டீ குடிக்க ஹாலுக்குப் போனார்கள். நான் கிச்சனில் தூசியைக் கூட்டினேன். ஜன்னலுக்குக் கீழே துடைப்பத்தில் ஏதோ சிக்கியது. நீல நூல். குனிந்து பார்த்தேன். எங்கள் யூனிஃபார்ம் நீலம். நிறைய நூல் துணுக்குகள், இரண்டு பட்டன்கள், தரையில் மெஷின் கால்கள் பதிந்த தடம்.

அடுப்போ எதிர்ச் சுவரில் இருந்தது.

நான் அங்கேயே நின்ற புஷ்பா அக்காவின் நோட்டை எடுத்து எழுதினேன்: 'அண்ணன் வேலைக்குப் போன பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?'

புஷ்பா அக்கா நோட்டை வாங்கிப் படித்தார். பிறகு எழுதினார்: 'எட்டு மணிக்குச் சமையல் முடிந்துவிடும். சாயங்காலம் வரை இந்த ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து தைப்பேன். இங்கேதான் வெளிச்சம்.'

'அப்போது அடுப்பு உங்கள் முதுகுப் பக்கம்தானே?'

'ஆமாம். விளக்கு மினுக்குவதைச் சாம்பார்தான் பார்க்கும்.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பயமும் வந்தது. 'ஏன் சொல்லவில்லை?' என்று எழுதினேன்.

'காலையிலிருந்து கஷ்டப்பட்டிருக்கிறீர்கள். நான் மெஷினைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்.'

திருப்பிப் போட்டால் ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வரும். அவருடைய நிழலே துணிமேல் விழும். அந்த நிழலில் நாற்பது யூனிஃபார்மா?

ஹாலில் அம்மா அப்போதுதான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூள். சொல்லவே எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் நாளைக்குப் பரத் அழுவான். சொல்லாமல் எப்படி இருப்பது?

"அம்மா, ஒன்னு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"இன்னாடி? எத்தையாவது ஒடைச்சிட்டியா?"

"நான் இல்லம்மா. லைட்டு தப்பான சுவத்துல கீது."

நோட்டை நீட்டினேன். அம்மா படித்தார். அண்ணன் எட்டிப் பார்த்துப் படித்தார். அவர் முகம் சுருங்கிப் போனது.

"நான் காலையில பாக்கசொல்ல அவ அடுப்பாண்ட. சாயங்காலம் வரசொல்லவும் அடுப்பாண்ட. நடுவுல அவ்ளோ நேரம் எந்தப் பக்கம் பாத்து தைக்கிறான்னு நான் பாத்ததே இல்லியே அக்கா!" என்றார். "தப்பு என்னுதுதான். மெஷினைத் திருப்பிப் போட்டுக்கலாம், வுடுங்க."

அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "லைட்டுக்காக மெஷினைத் திருப்புவாங்களா? நானும்தான் அவளைக் கேக்காம வேலைய ஆரம்பிச்சேன். ஏணியை எடு, கார்த்தி."

கோபமே இல்லை. முணுமுணுப்புகூட இல்லை. மறுபடி மெயினை அணைத்துவிட்டு, ஐந்து மணி நேர வேலையை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்ற ஆரம்பித்தார். அந்த நிமிடம் எனக்கு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவர் ஏணிமேல் இருந்ததால் காலைத்தான் பிடிக்க முடிந்தது.

"வுடுடி, வுழுந்துருவேன்!"

ஹாலில் இருந்த பட்டி அப்படியே இருக்கட்டும். கிச்சனில் மட்டும் வழியை மாற்ற வேண்டும். ஆனால் ஜன்னல் பக்கம் தூரம் அதிகம். அம்மா அளந்து பார்த்தார். கூரை ஓரமாக ஏறி, சுற்றி, ஜன்னலுக்கு இறங்கப் பதின்மூன்று அடி வேண்டும். கையில் இருந்ததோ கழற்றிய துண்டுகளும் மிச்சமும் சேர்த்துப் பத்தடி. வயர் தாராளமாக இருந்தது. பட்டிதான் போதவில்லை. ஞாயிறு மாலை, கடை மூடியாகிவிட்டது.

"கீழே தரையோரமா போனா கிட்டதானேம்மா?" என்றேன் நான்.

கையால் நான் காட்டியதைப் பார்த்ததும் புஷ்பா அக்கா வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினார். தரையில் மண்டியிட்டு, குழந்தைபோலத் தவழ்ந்து வந்து, இல்லாத வயரைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்துக் காட்டினார். நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். இன்னும் மூன்று மாதத்தில் பரத் தவழ்வான். எனக்கு அது தோன்றவே இல்லை.

புஷ்பா அக்கா எழுந்து, கழுத்தில் மாலைபோலக் கிடந்த இன்ச் டேப்பை எடுத்தார். வயர் கிச்சனுக்குள் வரும் கதவு நிலைக்கு மேலிருந்து ஜன்னலுக்கு மேல்வரை பரண் பலகை ஓடியது. அதன் அடியோரமாகவே அளந்தார். கூரைக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே நேர்க்கோடு, ஒரே ஒரு மூலை. தையல் சாக்கட்டியால் சுவரில் கோடு இழுத்துவிட்டு, விரல்களை விரித்துக் காட்டினார். ஒன்பதரை அடி!

அதோடு நிற்கவில்லை. பட்டித் துண்டுகளைத் தரையில் பரப்பினார். துணி வெட்டுவதற்கு முன் செய்வதுபோல, இதை அங்கே வைத்து, அதை இங்கே திருப்பி, எதை எங்கே அறுத்தால் வீணாகாது என்று சாக்கட்டியால் குறித்தார். அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பத்து வருசமா பட்டி அடிக்கிறேன். பரணுக்கு அடியில போலாம்னு எனக்கு ஏண்டி தோணல?" என்றார் என்னிடம். பிறகு புஷ்பா அக்காவைப் பார்த்து இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினார்.

இந்த முறை அக்காவின் சிரிப்பு கண் வரைக்கும் போனது.

இந்த முறை துளை போடும்போது தூசி தூளிக்குப் போகாமல் அண்ணன் கிச்சன் கதவில் போர்வையைத் தொங்கவிட்டார். ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தது. பழைய துளைகளை அம்மா வெள்ளை சிமெண்ட் வைத்துத் தேய்த்துவிட்டார். வேம்புலி பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. மெஷின் ஜன்னல் ஓரத்துக்குத் திரும்பியது. புஷ்பா அக்கா ஒரு நீலப் பாவாடையை எடுத்துத் தைக்க உட்கார்ந்தார்.

அண்ணன் மறுபடி "ங்ஙே" என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் தூளியில் பரத்தே அழுதுவிட்டான். நிஜமான அழுகை.

பழக்க தோஷம், அண்ணன் ஓடப் பார்த்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

ஜன்னலுக்கு மேல் விளக்கு மினுக்கியது. மெஷின் நின்றது. புஷ்பா அக்கா எழுந்தார். நடுவில் நின்ற எங்கள் மூன்று பேரையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, நேராகத் தூளிக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் இனிமேல் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அம்மா சந்தோஷமாக டிரில்லை எடுத்துப் பையில் போட்டார்.