ஆடாமல் நின்றவர்கள்

படத்தில் ஓர் ஆள் மிச்சமிருந்தார்.

இருக்கவே கூடாது. அந்தப் பாறைக்கரை முழுக்க அன்று மாலை ஆட்கள்தான். கலங்கரை விளக்கத்தைச் சுற்றி ஓடுகிற பிள்ளைகளும், அவர்களை அதட்டுகிற அம்மாக்களும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வழுக்குப் பாறையில் தத்தித் தத்திப் போகிறவர்களுமாக ஒரே இரைச்சல். ஆனால் அவள் லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடி அத்தனை பேரையும் துடைத்தெடுத்துவிடும். இதில் மாயம் ஒன்றுமில்லை. கண்ணாடி வெளிச்சத்தைத் தடுப்பதால் ஷட்டரைச் சில நிமிடம் திறந்தே வைக்கலாம். அவ்வளவு நேரத்தில் அசைகிற எதுவும் பதியாது, அசையாதது மட்டும் பதியும். அலை மூடுபனியாகிவிடும், கூட்டம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும், கோபுரமும் பாறையும் தனியே நிற்கும். பழைய கட்டிடங்களைப் படமெடுத்தே பிழைக்கிறவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

அலை மூடுபனியாகியிருந்தது. கூட்டமும் போயிருந்தது. கோபுர வாசற்படியில் மட்டும் ஒரு பெரியவர், சட்டைப் பொத்தானை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குத் தெளிவாக நின்றிருந்தார்.

“ஊரையே முழுங்கிடும்னு பீத்திக்கிட்ட?” தம்பி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். “பெரியவர் மட்டும் செரிக்கலையாக்கா?”

“வாட்ச்மேனா இருக்கும். போடா.”

சொன்னாளே ஒழிய மனசு ஒட்டவில்லை. மூச்சு விடுகிற மனிதன் எவ்வளவு விறைத்துக்கொண்டு நின்றாலும் படத்தில் ஓரம் லேசாகக் கலங்கிவிடும். இவருக்குக் கலங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். வாசற்படியில் யாரும் இல்லை. கதவில் உப்புப் பூத்த ஒரு பெரிய பூட்டு தொங்கியது.

தம்பிக்கு வீட்டில் பம்பரம் என்று பெயர். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை ஆடும், தூக்கத்தில்கூட விரல் தாளம் போடும். கூரியர் வேன் ஓட்டுகிறான். அவன் மனைவிக்கு இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லியிருக்கிற நேரத்தில் அவனை இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கக் கூடாதுதான். இவள் வண்டி பட்டறையில் கிடந்தது, வேறு வழியில்லை. “இருட்டுறதுக்குள்ள உன் புருஷனைக் கொண்டாந்து விட்டுடறேன்” என்று அந்தப் பெண்ணிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். அந்த நினைப்பு வேறு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

வெயில் இறங்கியதும் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியே விரட்டினார் வாட்ச்மேன். அவர் பெரியவர் இல்லை, நாற்பது வயதுக்காரர். பேசும்போதும் ஒரு நிலையில் நிற்காமல் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே பேசினார்.

“உங்களுக்கு அனுமதி இருக்கு, எடுத்துக்கங்க. போகும்போது கேட் சங்கிலியை மாட்டிடுங்க.”

“உள்ள யாராவது தங்கியிருக்காங்களா?”

“அதைப் பூட்டி எத்தனையோ வருஷமாச்சும்மா.” இரண்டடி போனவர் திரும்பினார். “கீழ போனா ஒரே இடத்துல நிக்காதீங்க. நடந்துக்கிட்டே இருங்க.”

“ஏன், பாறை வழுக்குமா?”

“ஆமா, வழுக்கும்,” என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆள் அரவம் அடங்கியதும் கடலின் சத்தம் மாறியது. பாறை இடுக்குகளில் தண்ணீர் ஏறுவதும், ஏறிய வேகத்தில் காற்றை உறிஞ்சிக்கொண்டு இறங்குவதும், அடியில் எங்கோ ஒரு பொந்து அதை வாங்கித் தொண்டையைச் செருமுவதும் தனித்தனியாகக் கேட்டன. அழுகிய பாசியின் நாற்றமும் துருவின் நாற்றமும் காற்றோடு வந்து வந்து போயின. வாயைத் துடைத்த கையெல்லாம் உப்பு.

வேலை கொடுத்த அலுவலகம் கேட்டது ஒன்றுதான். கோபுரத்தின் உயரம் தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஓர் ஆளோடு ஒரு படம் வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? தம்பியை அனுப்பினாள். அவள் மேட்டில் கேமராவோடு நிற்க, அவன் பாறைகளைத் தாவிக் கீழே போய் வாசற்படியில் நின்று கையை ஆட்டினான். ஷட்டரைத் திறந்தாள். மூடியபின் கேமரா உடனே எதையும் காட்டாது. படம் எடுத்த அதே அளவு நேரம் உள்ளுக்குள்ளேயே அதைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் திரையில் போடும். அதுவரை ஒரு சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும். காத்திருந்தாள்.

படம் வந்தது. கேமராவின் சின்னத் திரையில், தம்பி நின்ற இடத்தில் வெறும் புகை.

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வெளிச்சமோ போய்க்கொண்டிருக்கிறது. போனில் கூப்பிட்டாள்.

“டேய், புகை மாதிரி விழுந்திருக்க. கொஞ்ச நேரம் சிலை மாதிரி நில்லுடா. மூச்சைக்கூட மெதுவா விடு.”

“என்னையா? சரியான ஆளைத்தான் பிடிச்ச.”

“இது ஒண்ணு சரியா வந்தா கிளம்பிடலாம். உன் பொண்டாட்டி பாவம்.”

அதற்குமேல் அவன் வாயாடவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக நின்றான். அவள் ஷட்டரைத் திறந்தாள்.

பரவாயில்லையே, நிற்கிறானே என்று சிரிப்புகூட வந்தது. பொழுது போக வேண்டுமே என்று, கேமரா தானாகவே போனுக்கு அனுப்பியிருந்த முந்தைய படத்தின் பிரதியை எடுத்து விரலால் பெரிதாக்கினாள்.

புகையைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

பெரியவர் இருந்தார். கையில் வாளியோடு ஒருவன். பள்ளிச் சீருடையில் ஒரு பெண். நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துப் பார்க்கிற ஒரு தாய். இன்னும் பின்னால், பாறைக்குப் பாறை, தண்ணீர் வரைக்கும். ஒருவர் ஓரமும் கலங்கவில்லை. எல்லோரும் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் நிமிர்ந்தாள். பாறைகள் காலியாக இருந்தன. தம்பி மட்டும் நின்றான்.

“டேய், போதும். வா மேல.”

காற்று குரலைக் கொண்டுபோயிற்று. அவன் திரும்பவில்லை. ஷட்டரை மூடினாள். சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது.

“ஆடுடா! கையை ஆட்டுடா!”

ஆடவில்லை. போனில் கூப்பிட்டாள். மணி போயிற்று. அவன் சட்டைப் பைக்குள் வெளிச்சம் எரிந்தது. கை அதை எடுக்கப் போகவில்லை. அவள் புடவைத் தலைப்பை அந்தக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. அவன் தலைமுடி பறக்கவில்லை. சட்டைகூட அசையவில்லை.

கேமராவை ஸ்டாண்டோடு தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வழுக்கினாள். முழங்கால் பாறையில் உரசித் தோல் பிய்ந்தது. எழுந்தாள். நான்தானே நிற்கச் சொன்னேன், நான்தானே, என்று வாய் தன்னால் முணுமுணுத்தது.

அப்போது அவன் திரும்பினான். நடந்து வந்தான்.

அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. முதுகில் நாலு சாத்து சாத்தினாள். “உயிரே போயிடுச்சுடா. கூப்பிட்டா காது கேக்கலையா?”

“நிக்கச் சொன்னியேக்கா,” என்றான்.

சட்டை ஈரமாக, சில்லென்று இருந்தது. அலையின் சாரலாக இருக்கும். அவன் முன்னால் நடக்க, அவள் பின்னாலேயே ஏறினாள். ஒரு பாறைகூடத் தாவாமல், பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அவன் மெதுவாகவே ஏறினான். இருட்டு வந்துவிட்டதல்லவா, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்டைத் தாண்டினார்கள். சங்கிலியை மாட்டினாள். அவன் வேனில் ஏறி இன்ஜினைப் போட்டான்.

அவள் போன் அடித்தது. அவன் மனைவி.

“அண்ணி, அவரு போன் எடுக்க மாட்டேங்கிறாரு. வலி வந்துடுச்சு. சீக்கிரம் வரச் சொல்லுங்க அண்ணி.”

“கிளம்பிட்டோம்மா. இதோ வந்துடறோம். பயப்படாத.”

வைத்தாள். ஏறப் போனாள். தோளில் இருந்த கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது.

படம் வந்திருந்தது.

கோபுரம். வாசற்படி. நடுவில் தம்பி. புகை இல்லை. ஓரம் கலங்கவில்லை.

அவன் நேராக நிற்கவில்லை. முழங்காலில் விழுந்திருந்தான். இரண்டு கைகளும் லென்ஸை நோக்கி நீண்டிருந்தன. வாய் முழுதாகத் திறந்திருந்தது. அக்கா என்று கத்துகிற வாய். பெரியவர் அவன் தலைமுடியைப் பிடித்திருந்தார். அந்தத் தாய் கழுத்தை. சீருடைப் பெண் காலை. இப்போது அவர்கள் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

கீழே பார்த்தாள். இருட்டு. பாறை. யாரும் இல்லை.

“ஏறுக்கா,” என்றது வேனுக்குள் தம்பியின் குரல். “அவ காத்துக்கிட்டு இருப்பா.”

மெல்லத் திரும்பினாள். பழைய வேன், இன்ஜின் ஓடினால் உடம்பு முழுக்க உதறும். கதவு அதிர்ந்தது. கண்ணாடி அதிர்ந்தது. இருக்கை அதிர்ந்தது. ஸ்டியரிங் அதிர்ந்தது.

அதைப் பிடித்திருந்த கைகள் அதிரவில்லை.