இரும்பு மரக் கைப்பிடி

மணல்தாளால் தேய்த்து எடுத்த நான்கு பள்ளங்களும் மறுநாள் மதியம் அதே இடத்தில் இருந்தன.

டெல்மர் ஃபிஸ்க் ரிவால்வரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். இரண்டு கட்டைகள் சேர்ந்த வால்நட் மரக் கைப்பிடியின் இடப்பக்கக் கட்டையில், பிடிப்பவனுடைய விரல்நுனிகள் சுற்றி வந்து பதியும் இடத்தில், பிறை பிறையாக மூன்று பள்ளங்கள் வரிசையாக இறங்கியிருந்தன. நான்காவது மட்டும் கோணலாகச் சாய்ந்திருந்தது. நேற்று தேய்த்ததில் உதிர்ந்த மரத்தூள் இன்னும் சமையலறை மேசையில் கிடந்தது, அதன் வாசனைகூடப் போகவில்லை. பள்ளங்கள் மட்டும் நேற்றைவிட ஆழமாக இருந்தன.

துப்பாக்கி அவனுடையது அல்ல. ஆர்லின் டக்கெட்டுடையது. அதற்கு முன் ஆர்லினின் அப்பாவுடையது. ஆர்லினும் டெல்மரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. பிறகு வயோமிங்கின் இந்த மலையடிவாரத்தில் அடுத்தடுத்த பண்ணை. அக்டோபரில், தப்பிப்போன பசுக்களைத் தேடி இருவரும் மலைக்குள் போனபோது, ஆர்லினின் குதிரை சரளைச் சரிவில் வழுக்கி அவன்மேலேயே உருண்டது. இடுப்பெலும்பு உடைந்த சத்தம் டெல்மருக்குக் கேட்டது.

"போய் ஆளைக் கூட்டிட்டு வா," என்றான் ஆர்லின். உதடுகள் வெளுத்திருந்தன. "பனி வரும்போல இருக்கு. துப்பாக்கி எங்கிட்ட இருக்கட்டும். நீங்க பக்கத்துல வந்ததும் சுட்டுக் காட்டுறேன். இல்லேன்னா இந்தப் பள்ளத்துல என்னைக் கண்டுபிடிக்கவே முடியாது."

அவன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அன்று காலை ஓடையோர ஈரமண்ணில், பூமா என்னும் மலைச்சிங்கத்தின் காலடித் தடத்தை டெல்மர் பார்த்திருந்தான். இருட்டுவதற்குள் அந்த வழியாகவே தனியாக இறங்க வேண்டும். அவன் குனிந்து துப்பாக்கியைப் பற்றினான். ஆர்லின் விடவில்லை. "விடுடா," என்று சொல்லி அவனுடைய விரல்களை டெல்மர் ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்தான். கடைசியாகச் சுண்டுவிரல், சின்ன வயதில் லாயக் கதவில் நசுங்கிக் கோணலாகிப்போன சுண்டுவிரல்.

அன்று இரவு பனி கொட்டியது. ஆட்களோடு திரும்பியபோது மலை முழுக்க ஒரே வெள்ளையாக இருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லாருக்கும் தொண்டை கட்டியது. ஆர்லின் அதற்கும் மறுநாள்தான் கிடைத்தான், அவர்கள் பலமுறை கடந்துபோன பாதைக்குக் கொஞ்சம் கீழே. வலது கை எதையோ பிடித்திருப்பதுபோல் மடங்கியே உறைந்திருந்தது.

"அவனேதான் கொடுத்தான்," என்று டெல்மர் எல்லாரிடமும் சொன்னான். ஆர்லினின் மனைவி ஜோலீனிடமும் அதையே சொன்னான். "வழியில சிங்கம் கிங்கம் இருக்கும், நீ எடுத்துட்டுப் போன்னான்."

"அவர் அப்படித்தான்," என்று ஜோலீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போது அவள் போன் செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொன்னாள். வரும்போது அந்தத் துப்பாக்கியையும் கொண்டுவரச் சொன்னாள். அவர் ஞாபகமாக வீட்டில் இருக்கட்டும் என்றாள்.

*

கஸ் லிண்ட்வால் முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இப்போது வீட்டை ஒட்டிய கொட்டகையில் துப்பாக்கிகளுக்குக் கைப்பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஆளிவிதை எண்ணெயும் காய்ந்துபோன காபியும் மணந்தன. பழைய துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் கட்டைகளை ஜோடி ஜோடியாக வைத்தார்.

"இது மேப்பிள். வெளுப்பா இருக்கும், வளைய வளையமா ரேகை ஓடும், பொண்ணுங்களுக்குப் பிடிக்கும். இது செர்ரி, வருஷம் போகப் போகச் சிவக்கும். இது ஈட்டி மரம். உனக்கு எதுக்கு இதெல்லாம், பழையபடி வால்நட்டே போட்டுக்கோ. ஆர்லின் அப்பா காலத்துத் துப்பாக்கி, அதுக்குன்னு ஒரு முகம் இருக்குல்ல?"

"வேற ஏதாவது போடலாம், கஸ்."

"சரி, கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணாப் பிடிச்சுப் பாரு. உன் கண்ணு பொய் சொல்லும். கை சொல்லாது."

டெல்மர் கண்ணை மூடினான். கஸ் மேப்பிளைப் பொருத்தி அவன் கையில் வைத்தார். மரம் வழுவழுப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. பிறகு குளிர்ச்சி மெல்லப் போனது. உள்ளங்கைக்குள் மரம் லேசாக அமுங்கிக் கொடுப்பதுபோல் இருந்தது, சதை கொடுப்பதுபோல. அவன் சட்டென்று கீழே வைத்தான்.

"என்னய்யா, சுட்டுடுச்சா?"

"ரொம்ப மெத்துன்னு இருக்கு."

கஸ் சிரித்துக்கொண்டே, கழற்றிப்போட்ட பழைய கட்டையை எடுத்து விளக்கின் அடியில் பிடித்தார். சிரிப்பு நின்றது. "இது என்ன? நாய் கடிச்சதா?"

"வேலிக் கம்பியில உரசிடுச்சு."

கஸ் தன் விரல்களைப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தார். மூன்று விரல் சரியாக உட்கார்ந்தது, நான்காவது உட்காரவில்லை. "கம்பி இப்படி உரசாது," என்றார் மெதுவாக. "யாரோ இதை விட மனசில்லாமப் பிடிச்சிருக்காங்க. எத்தனையோ கைப்பிடி பார்த்துட்டேன், இப்படி நகம் இறங்கி நான் பார்த்ததில்லை."

கொட்டகை மூலையில் எரிந்த அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. டெல்மருக்குக் காதுக்குப் பின்னால் வியர்த்தது. சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கஸ் ஊர் முழுக்கத் தெரிந்தவர், சொன்னால் சாயங்காலத்துக்குள் ஜோலீனுக்குப் போய்விடும். போனால் போகட்டும், பாரம் இறங்கும். வாயைத் திறந்தான்.

"இருக்கிறதுலேயே கெட்டியான மரம் எது?" என்றான்.

"இரும்பு மரம். அரிசோனா பாலைவனத்துல விளையறது. ஆணிகூட இறங்காது. என் ரம்பம் ரெண்டு பல்லைக் காவு கொடுத்துத்தான் இதை அறுத்துச்சு."

"அதையே போடுங்க."

கஸ் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் இரும்பு மரக் கட்டைகளைப் பொருத்தித் திருகாணியை முடுக்கினார். பழைய கட்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "இதைத் தூக்கிப் போட்டுடாதே. ஜோலீன் கேப்பா."

வீட்டுக்கு வந்ததும் டெல்மர் அவற்றை அடுப்பில் போட்டான். எரிந்தபோது மரப்புகை வரவில்லை. நனைந்த கம்பளியும் குதிரை வியர்வையும் ஆர்லின் எப்போதும் மெல்லும் புதினாப் புகையிலையும் மணந்தன. ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு, கோட்டோடு உட்கார்ந்திருந்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை கைப்பிடி கண்ணாடிபோல் இருந்தது. கறுப்பும் பழுப்புமாக ரேகைகள் ஓடின. பெருவிரல் நகத்தால் கீறிப் பார்த்தான், நகம்தான் மடங்கியது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

ஜோலீன் மான்கறிக் குழம்பு வைத்திருந்தாள். மேசையில் ஆர்லினின் நாற்காலியை அப்படியே விட்டிருந்தாள். டெல்மர் வழக்கமாக உட்காரும் இடம் அதற்கு நேரெதிர்.

"நல்லாச் சாப்பிடுங்க டெல்மர். இளைச்சுட்டீங்க," என்றாள். "நீங்களும் அவரைப் பறிகொடுத்தவர்தானே."

டெல்மர் தண்ணீர் டம்ளரை எடுத்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு துணியை விரித்தாள். புது மரத்தைப் பார்த்தாள்.

"பழைய கட்டை எங்கே?"

"வெடிச்சிருந்துச்சு ஜோலீன். எரிச்சுட்டேன்."

"அவர் கை பட்டது அதுலதானே." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "சரி விடுங்க. நல்லதுக்குன்னுதான் செஞ்சிருப்பீங்க."

துப்பாக்கியை எடுத்து இரண்டு கைகளாலும் ஏந்தினாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஏன் ஈரமா இருக்கு?"

அவள் துப்பாக்கியைத் திருப்பினாள். பெருவிரலால் ஒரே இடத்தைத் தடவினாள். மறுபடி தடவினாள். பிறகு தன் வலது கையால் கைப்பிடியைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். சுண்டுவிரலை வைக்க முடியவில்லை. அதைக் கோணலாகச் சாய்க்க வேண்டியிருந்தது. சாய்த்தாள். பொருந்தியது.

அவள் முகத்திலிருந்த நிறம் மெல்ல வடிந்தது.

"அவரே கொடுத்தாருன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"டெல்மர்."

"ஆமா ஜோலீன். அவனேதான்."

அவள் துப்பாக்கியை மேசைமேல் வைத்து, விரல்நுனியால் அவன் பக்கம் தள்ளினாள். "எடுத்துட்டுப் போங்க," என்றாள். "நீங்களும் இனிமே வர வேண்டாம்."

கதவை அவள் சாத்தவில்லை. அவன் வண்டி ஏறும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வலது கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து.

*

பாலத்தருகே வண்டியை நிறுத்தியபோது சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. பனி நீலமாகத் தெரிந்தது. பாலத்தின் அடியில், ஓரமெல்லாம் உறைந்த ஆறு, நடுவில் மட்டும் கறுப்பாக, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல் ஓடியது. காற்று இல்லை. என்ஜின் ஆறும் டிக் டிக் சத்தம் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் கேட்டு, பிறகு நின்றது.

முதலில் மரத்தைத் தொலைக்க வேண்டும். அதில்தான் பள்ளம் வருகிறது. வண்டியின் முன்மூடிமேல் வைத்துத் திருப்புளியால் திருகாணியைக் கழற்றினான். இரும்பு மரக் கட்டைகள் இரண்டும் கழன்று வந்தன. பள்ளங்கள் இப்போது பெருவிரல் புதையும் ஆழம். அவற்றை ஆற்றில் எறிந்தான். கல் விழுவதுபோல் விழுந்து மூழ்கின.

மிச்சமிருந்தது வெறும் இரும்பு. கைப்பிடி இருந்த இடத்தில் மெல்லிய ஒரு சட்டம், நடுவே ஓட்டை, அதற்குள் ஒரு வில்தகடு. பிடிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. அவனுக்கு மூச்சு விட முடிந்தது. கையுறையைக் கழற்றினான். இதையும் எறிந்துவிட்டால் முடிந்தது.

சட்டத்தைப் பற்றினான்.

விரல்கள் மூடவில்லை.

இரும்பின் விளிம்பு உள்ளங்கையில் உறுத்த வேண்டும். உறுத்தவில்லை. இரும்புக்கும் கைக்கும் நடுவே வேறொன்று இருந்தது. குளிர்ந்தது. ஈரமானது. கணுக்கள் இருந்தன. அவன் பார்த்தான். வெறும் இரும்பு, அவன் கை, நடுவே விரலளவு இடைவெளி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. அவன் சுண்டுவிரலின் அடியில் இன்னொரு சுண்டுவிரல். கோணல்.

"ஆர்லின்," என்றான்.

ஆறு ஓடியது.

"நான்தாண்டா எடுத்தேன். நான்தான்." யாரும் இல்லாத இடத்தில் சொன்னான். "ஜோலீன்கிட்டயும் சொல்லிடுறேன். இப்பவே போய்ச் சொல்லிடுறேன்."

ஒரு மாற்றமும் இல்லை.

கையை விரித்தான். ஐந்து விரல்களையும், வலிக்கும்வரை. துப்பாக்கி விழவில்லை. அவன் உள்ளங்கைக்குக் கீழே அந்தரத்தில் நின்றது. பிறகு அவனுடைய மணிக்கட்டை எதுவோ சுற்றி வளைத்தது.

இறுக்கியது.

கனம் வந்தது. ஓர் ஆளின் கனம். தோள் கீழே இழுபட்டது, முழங்கால் மடங்கப் பார்த்தது. அவன் திரும்பி நடந்தான், வண்டியை விட்டுவிட்டு, சாலையின் நடுவாக, ஜோலீன் வீட்டின் விளக்கு தெரிந்த திசையில். இழுத்துக்கொண்டு நடந்தான். மூச்சு வாங்கியது. பின்னால் பனி சரசரவென்று அரைபட்டது. நின்றான். சத்தம் நின்றது. நடந்தான். தொடர்ந்தது.

பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தான்.

பார்த்தான்.

பாலத்திலிருந்து அவன் நிற்கும் இடம்வரை, புதுப்பனியில் அவனுடைய பூட்ஸ் தடங்கள் ஒற்றை வரிசையாக வந்தன. அவற்றின் பக்கத்திலேயே, ஒரு மனித உடலின் அகலத்துக்குப் பனி உழப்பட்டு, நீளமாக ஒரு பள்ளம். நடுநடுவே, ஊன்றி ஊன்றி வந்த இடது உள்ளங்கையின் அச்சுகள். கடைசி அச்சு அவன் பூட்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் விரல்கள் பனிக்குள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.