தொண்ணூற்றெட்டுக்குக் கீழே

இஞ்சினை இன்னும் கிளப்பவே இல்லை. அதற்குள் புதிதாக மாட்டிய ஹீட் மீட்டரின் முள் நூற்று நாலில் போய் நின்றது.

தவசி திருப்புளியை வைத்துவிட்டு மீட்டரின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். முள் அசையவில்லை. பானெட்டைத் திறந்து ரேடியேட்டரைத் தொட்டால் அது தண்ணீர்ப்பானை மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. டேஷ்போர்டில் துளை போட்டு மீட்டரைப் பதித்து, அதிலிருந்து வால் மாதிரித் தொங்கும் செம்புக் குழாயை இஞ்சின் பக்கம் நுழைத்து, நுனிக் குமிழை ரேடியேட்டர் தண்ணீருக்குள் இறக்கியதில் ஒரு குறையும் இல்லை. காலையில் கம்பவுண்டர் அவன் மகள் அன்னக்கொடியின் நாக்குக்கடியில் கண்ணாடிக் குச்சியை வைத்துப் பார்த்துச் சொன்னதும் நூற்று நாலுதான். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் பிள்ளை தாங்காது என்றார்.

முதலாளி நல்லகாமன் தன் பிளஷர் காரைக் கொடுத்ததே பெரிய காரியம். கொடுத்தவர் சும்மா கொடுக்கவில்லை. "போன கோடையில கொதிச்சு இஞ்சினே வெடிப்பு விட்டுச்சு. மீட்டரை மாட்டாம வண்டி கல்லுப்பட்டிய விட்டு நகரக்கூடாது தவசி. கேன் நெறையத் தண்ணி வச்சுக்க. அது வண்டிக்கு" என்று சொல்லிவிட்டார். யுத்தத்தால் சீமைச் சாமான் வருவது நின்றுபோன நேரத்தில் மீட்டர் எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்கவில்லை.

சித்திரை வெயில். பின் சீட்டில் அவன் மனைவி செல்லத்தாய் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். சுட்ட தோல் சீட்டின் வாடையும் பெட்ரோல் வாடையும் காய்ச்சல் உடம்பின் புளித்த வியர்வையும் சேர்ந்து தவசிக்குக் குமட்டியது. திருமங்கலம் தாண்டியும் முள் நூற்று நாலை விட்டு நகரவில்லை. ஓடுகிற இஞ்சினின் சூடு ஏற வேண்டாமா? 

கப்பலூர்ப் புளியமரம் தூரத்தில் தெரிந்தது.

பத்து நாளைக்கு முன் அங்கேதான் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. வழியில் வேறு ஈ காக்கை இல்லை. டிரைவர் சோணை, தவசியோடு ஒரே கடையில் டீ குடித்துப் பழகியவன், ஸ்டியரிங் நெஞ்சுக்குள் இறங்கிய நிலையில் கண்ணைத் திறந்து பார்த்தான். "அண்ணே, தண்ணி" என்றான். தவசியின் கையில் முழுக் கேன் இருந்தது. "வாரேன்டா, இந்தா வாரேன்" என்று சொல்லிக்கொண்டே அவன் லாரியின் ஹீட் மீட்டரைக் கழற்ற ஆரம்பித்தான். குழாயை வெட்டினால் மீட்டர் செத்துப்போகும். முழுசாகத்தான் உருவ வேண்டும். சோணையின் முழங்காலுக்கடியில் ஓடிய குழாயை அங்குலம் அங்குலமாக இழுக்க அரை மணி நேரம் ஆயிற்று. சோணை மூன்று தடவை தண்ணீர் கேட்டான். அப்புறம் கேட்கவில்லை. மீட்டரின் முள் அப்போது மெதுவாக இறங்கிக்கொண்டிருந்ததைத் தவசி பார்த்தான். இஞ்சின் ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டான். கிளம்பும்போது போறேன் என்று சொல்லக்கூடாது என்பதற்காக, அப்போதும் வாரேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தான்.

"இந்தாங்க, புள்ள தண்ணி கேக்குது. அந்த மரத்தடியில நிறுத்துங்க" என்றாள் செல்லத்தாய்.

"இங்க வேணாம்."

"நாக்கு வறண்டு கெடக்குங்க. கேன்லதான் இருக்குல்ல?"

"அது வண்டிக்கு. தொடாத. ஆஸ்பத்திரியில போயிக் குடிச்சுக்கிரலாம்."

மரத்தின் நிழல் பானெட் மேல் ஏறியது. பின்னாலிருந்து மகளின் குரல் மெல்ல வந்தது.

"அண்ணே, தண்ணி."

"காச்சல் வேகத்துல அப்பனை அண்ணேங்குது பாருங்க" என்றாள் செல்லத்தாய்.

"வாரேன், இந்தா வாரேன்." அவன் வாய் அதைச் சொல்லிவிட்டது. கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தியது. மரம் பின்னால் போயிற்று.

அப்போது முள் அசைந்தது. நூற்று இரண்டு. நூறு.

"வேர்க்குதுங்க. காச்சல் விடுது" என்றாள் செல்லத்தாய்.

தொண்ணூற்றெட்டு. திருப்பரங்குன்றத்து மலை எதிரே எழும்பியிருந்தது. தவசிக்கு அழுகையே வந்துவிட்டது. முருகா, இதிலேயே நிற்கட்டும். இதிலேயே நிற்கட்டும்.

தொண்ணூற்றாறு.

தொண்ணூற்று மூன்று.

பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. இஞ்சின் கொதித்தது. முள் இறங்கியது.

"தூங்கிட்டா. உடம்பு சில்லுன்னு ஆயிருச்சு. மெதுவாப் போங்க, முழிச்சுக்கிருவா." அவள் குரலில் அவ்வளவு சந்தோசம்.

எண்பத்தைந்து. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. விசிறி அதே வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது.

இஞ்சின் திணறி நின்றது. வெயில். ஆவி. பிறகு சத்தமே இல்லை.

மடக்.

மடக். மடக்.

"நீங்க ஏசினாலும் சரி. எந்திரிச்சு அவளே கேனை எடுத்துக்கிட்டா. எம்புட்டுத் தாகம் பாருங்க."

தவசி மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தான். அன்னக்கொடி நிமிர்ந்து உட்கார்ந்து, கேனை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. குடித்த தண்ணீர் எல்லாம் நெஞ்சுக் குழியிலிருந்து சட்டையை நனைத்துக்கொண்டு வெளியே வந்தது. செல்லத்தாய் சிரித்தபடியே அதை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

கேன் காலியாயிற்று. அன்னக்கொடி அதைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"இன்னும், அண்ணே."