பன்னிரண்டாம் எண், உள்ளே

திருவொற்றியூரில் இருந்த அந்த மீன் குளிர்கிடங்குக்கு மகிமா வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. ஐப்பசி மழைமேகம் வானத்தை மூடியிருந்ததால் உள்ளே விளக்குகள் எரிந்தன. அமோனியாவும் இறால் கவிச்சியும் சேர்ந்து தொண்டையைக் கரித்தன.

வேலை சின்னதுதான். குளிர் அறைக் கதவருகே உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு, அதோடு ஒரு ரீடர், பதிவுகளைச் சேமிக்க ஒரு மெமரி கார்டு. உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் தங்கள் அட்டையை ரீடரில் காட்ட வேண்டும். ஒரே ஒரு ஆள் உள்ளே இருந்தாலும் கதவு பூட்டாது.

மேற்பார்வையாளர் செங்குட்டுவன் ஆட்களின் எண் பட்டியலை நீட்டினார். ஒன்று முதல் நாற்பது வரை. பன்னிரண்டு மட்டும் இல்லை.

“அந்த நம்பர யாருக்கும் தர்றதில்லமா,” என்றார். காரணம் சொல்லவில்லை.

ஒயர்களை இணைத்து, போர்டை உயிர்ப்பித்து, முதல் அட்டையை வைத்தாள். பீப். லேப்டாப்பில் வரி விழுந்தது: 1, உள்ளே. மீண்டும் வைத்தாள்: 1, வெளியே. எத்தனை இடங்களில் செய்திருந்தாலும் அந்த முதல் ஓசையில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

அட்டையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பீப்.

12, உள்ளே.

பன்னிரண்டுக்கு அவள் அட்டையே செய்யவில்லை. பதிவுகளை அழித்து, ஒயர்களைப் பிடுங்கி மாட்டினாள். இரண்டு விரற்கடை தூரத்துக்கு அட்டை வந்தால்தான் ரீடர் படிக்கும். அதன் முன்னால் வெறும் காற்று.

பீப்.

12, உள்ளே.

கதவின் மறுபக்கம் யாரோ தட்டினார்கள். மெதுவாக, ஓய்ந்துபோன கையால்.

“உள்ள யாருண்ணா?”

“யாரும் இல்லமா. காலைலேர்ந்து லோடே வர்ல.”

மகிமா கதவை இழுத்தாள். வெண்புகை காலில் படிந்தது. காலி அடுக்குகள். ஆள் இல்லை. சாத்தினாள். பூட்டு விழவில்லை.

மறுபடி தட்டல்.

செங்குட்டுவன் ஓரடி பின்வாங்கினார்.

“நோயலு. என் தோஸ்து,” என்றார் மெல்ல. “ரெண்டு வர்சம் ஆவுது. சனிக்கெழம, கெளம்புற அவசரம். அவன் போய்ட்டான்னு நெனச்சி ரிஜிஸ்டர்ல அவனுக்கும் சேத்து நான்தான் கையெழுத்து போட்டேன். பூட்டிகினு போய்ட்டேன். உள்பக்கக் கைப்பிடி ஒடஞ்சி கெடந்துது. திங்கக்கெழமதான் தொறந்தோம்.”

மகிமா லேப்டாப்பில் இருந்த வரியைப் பார்த்தாள்.

“அந்த வரிய அழிச்சிடுமா. பூட்டிக்கினு போயிரலாம்.”

“அன்னிக்கும் அதத்தானே செஞ்சீங்க?”

அவர் தலை குனிந்தது.

“நீங்க கூப்புடுங்கண்ணா,” என்று சொல்லி மகிமா கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அவர் வாசல்வரை வந்து நின்றார். பிறகு, “நோயலு... வாடா. வெளிய வந்துரு,” என்றார்.

புகை அசைந்தது. அவளுடைய தோளை உரசிக்கொண்டு ஒரு சில்லிப்பு கடந்துபோனது.

பீப்.

12, வெளியே.

கதவைச் சாத்தியதும் பூட்டு சட்டென்று விழுந்தது. செங்குட்டுவன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஐந்தரை மணி ரயிலில் மகிமாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மழை விட்டுப் புழுங்கியது. நிற்கக்கூட இடமில்லாத பெட்டி. ஆனால் அவள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, தணிந்த குரலில் சொன்னாள்:

“உன் துப்பட்டாவயாச்சும் அவருக்கு போத்தி வுடு கண்ணு. எப்டி நடுங்கிகினு கீறாரு பாரு.”