வேலியை நோக்கி நகர்ந்த செடி

காலையில் வெர்னா போய்ப் பார்த்தபோது, செடி குழியில் இல்லை. வேலிப் பக்கமாக ஒரு சாண் தள்ளி, வேரூன்றி நின்றது. எலி தோண்டிய தடமும் இல்லை, மானின் குளம்படியும் இல்லை.

வீட்டின் வடபுறம் எப்போதும் இருட்டுத்தான். மலைச்சரிவின் ஹெம்லாக் மரங்கள் வெயிலை உள்ளே விடுவதில்லை. அங்கே பாசி வாடையும், கூரைநீர் சொட்டும் ஓசையும், மக்கிய ஊசியிலைகளின் ஈரமும் மட்டுமே இருந்தன. மூன்று வசந்தங்களாக அவள் வைத்தவையெல்லாம் அழுகிப்போயின.

"பேசாம ஜல்லியைக் கொட்டிடுறேன். அதுக்குத் தண்ணி ஊத்த வேணாம்" என்பான் கணவன் க்ளைட்.

அவன் சொல்லச் சொல்ல அவளுக்குப் பிடிவாதம் ஏறியது. போன இலையுதிர்காலத்தில் பக்கத்து வீட்டு ஓர்ஃபா அத்தைதான், நிழலில் ஆண்டுதோறும் துளிர்த்து, சின்னச் சிவப்பு இதயங்களாகப் பூத்துத் தொங்கும் இந்தச் செடியைத் தன் தோட்டத்துத் தூரிலிருந்து பிரித்துக் கொடுத்தாள்.

"நன்றி மட்டும் சொல்லிடாதடி. சொன்னா தங்காது. குடுத்தவகிட்டயே திரும்பிடும்."

அந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த விதி. வெர்னாவுக்கும் தெரியும்.

"ரொம்ப நன்றி அத்தை! போதுமா, இன்னொரு தரம் சொல்லட்டுமா?"

ஓர்ஃபா சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே இறந்துபோனாள். வேலிக்கு அப்பால், அவள் நிலத்திலேயே புதைத்தார்கள்.

வெர்னா செடியைப் பழைய குழியில் வைத்து மிதித்தாள். மறுநாள் இன்னும் தள்ளிப் போயிருந்தது. அதற்கடுத்த நாள் வேலியடியில் நின்றது. மொட்டு விட்டிருந்தது.

"விட்டுத் தொலையேன்." க்ளைட்டின் குரலில் இப்போது கேலி இல்லை.

"இங்க முதல்முறையா ஒண்ணு மொட்டு விட்டிருக்கு. செத்தவங்களுக்குப் பயந்து குடுத்துடணுமா? வேணும்னா வந்து கேக்கட்டும்."

அன்று மாலை செடியருகே போய் உட்கார்ந்தாள். சொட்டும் ஓசை நின்றது. ஊசியிலைகளுக்கு அடியில் மண், உறங்குபவரின் நெஞ்சு போல, ஏறி இறங்கியது. செடி அசைந்தது.

காற்று இல்லை.

இரு கைகளாலும் தூரைப் பிடித்தாள். கீழிருந்து ஓர் இழுப்பு.

"என்னோடது."

இழுத்தாள். மண் பிளந்தது. வேர்கள். வேர்களைப் பற்றிய விரல்கள். தோல் கழன்றவை. ஒவ்வொன்றாக வேரை விட்டன. அவள் மணிக்கட்டைப் பிடித்தன.

வெர்னா காலை ஊன்றிக்கொண்டாள். பல்லைக் கடித்தாள்.

"வா அத்தை. மேல வா."

இன்னும் பலமாக இழுத்தாள்.

மண்ணுக்குள்ளிருந்து இன்னொரு கை எழுந்தது. மொட்டுகள் உதிராமல் பதமாகத் தண்டை ஒதுக்கிவிட்டு, அவள் முகத்தைத் தடவித் தேடியது.