விடிய விடிய உட்கார்ந்திருந்தவள்

சாலை முடிகிற இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, தம்பி கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தான்.

"தனியாத்தான் போகணுமாக்கா? மழை, அட்டை, ஆத்து வெள்ளம்... கூட ஒரு ஆள் வந்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

"யாரும் என்னைக் கூப்பிடாத இடத்துல கொஞ்ச நாள் நடக்கணும்டா. அவ்வளவுதான்."

அவனுக்குப் புரிந்தது. அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாத்திரம் உருளும் சத்தத்துக்குக்கூட, யாரோ 'சிஸ்டர்' என்று கூப்பிட்டதாக நினைத்துத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிறவள். அவள் பையின் வாரை இழுத்துக் கட்டிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

ஆற்றை ஒட்டி மேல்நோக்கிப் போகிற ஒற்றையடிப் பாதை. உச்சிவெயில்கூடப் பச்சையாக வடிகட்டித்தான் கீழே இறங்கியது. காலுறைக்குள் அட்டை, சட்டைக்குள் வியர்வை, காதுக்குள் ஓயாத பூச்சி இரைச்சல். ஆனாலும் ஒரு மனிதக் குரல் இல்லை. நாளாக ஆக அவள் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபோது, தன்னையறியாமல் பாடக்கூடச் செய்தாள்.

ஒரு நாள் மத்தியானம் மழை விட்டது. பூச்சிகளும் சட்டென்று வாயை மூடிக்கொண்டன.

முதலில் வந்தது வாசனை.

மட்கிய இலையின் வாசனை அல்ல. புண் அழுகுகிற வாசனை. அவளுக்கு அது தப்பாது.

"அக்கா..."

பாதைக்குக் கீழே, சரிவில், ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் அடியில் ஓர் இளைஞன். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. முகமெல்லாம் சேறு. ஆறு அவன் கைக்கு எட்டாத தூரத்தில் சலசலத்துக்கொண்டிருந்தது.

"அக்கா... தண்ணி..."

என்ன செய்ய வேண்டும் என்று அவள் கைகளுக்குத் தெரியும். அதனால்தான் கால்கள் நகர மறுத்தன. இறங்கினால் அவன் கையைப் பிடித்துக்கொள்வான். பிடித்தால் விடமாட்டான். இங்கேயுமா? இவ்வளவு தூரம் வந்துமா?

அவன் கண்கள் அவளைக் கண்டுகொண்டன.

அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். பிறகு ஓடினாள்.

"நீங்க நின்னதைப் பாத்தேன்க்கா! போயிடாதீங்க!"

வளைவு திரும்பும்வரை அந்தக் குரல் கூடவே வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வனக்காவலரின் மரவீட்டை அடைந்தாள். காவலரின் மனைவி சூடாகச் சோறு போட்டாள். காவலர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வழியில யாரையாவது பாத்தீங்களாம்மா? ரெண்டு நாளைக்கு முன்னாடி ஒரு பையன் தனியா இறங்கிப் போனான். கீழ போய்ச் சேரலைன்னு சொல்றாங்க."

அவள் தட்டைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்தாள்.

"இல்லையே," என்றாள்.

காவலரின் மனைவி கதவைத் தாழிட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தாள். விடிந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. வழியில் பார்த்த எல்லாவற்றையும் காவலரிடம் சொன்னாள். காவலர் அவளையே பார்த்தார்.

"நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்றார். கயிறும் ரம்பமும் எடுத்துக்கொண்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடினார். அவளும் பின்னால் ஓடினாள்.

அவன் உயிரோடு இருந்தான்.

அவளைக் கண்டதும் அலறினான்.

"அவளை விரட்டுங்கண்ணே! கிட்ட விடாதீங்க!"

"பயப்படாத தம்பி. இவங்க சொல்லித்தான் வந்தோம்."

"இவ போயிட்டுத் திரும்பி வந்தாண்ணே. ராத்திரி பூரா இந்த மரத்து மேலதான் உக்காந்திருந்தா. பாட்டிலைத் திறந்து என் கண்ணு முன்னாடி மண்ணுல ஊத்துவா. நான் நாக்கை நீட்டுவேன். சிரிப்பா. திரும்ப ஆத்துல போய் மொண்டுட்டு வருவா."

காவலரின் முகம் வெளுத்தது.

"ராத்திரி இவங்க எங்க வீட்டுல இருந்தாங்கப்பா. என் சம்சாரம் பக்கத்துலயே படுத்திருந்தா."

"இவதாண்ணே. இதே முகம்."

மரத்தை அறுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவள் மண்டியிட்டு, தலையை மடியில் தாங்கி, தண்ணீரை உதட்டருகே கொண்டுபோனாள். வெடித்துக் கறுத்த உதடுகள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"குடிப்பா. கெஞ்சிக் கேக்கறேன், ஒரு வாய் குடி."

அவன் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் தாடை வழியாக வழிந்து மண்ணில் சொட்டியது. கடைசிவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், தாகத்தோடு.

யாரும் அவளைத் திட்டவில்லை. யாரும் அவளோடு பேசவும் இல்லை. காவலரின் மனைவி மட்டும் அவள் பையை எடுத்து வந்து, வாசலுக்கு வெளியே வைத்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி. அதைத் தாண்டினால் பஸ். படகுக்காரருக்குக் காட்டுக்குள் நடந்தது எதுவும் தெரியாது. அவள் முன்பக்கம் ஒடுங்கி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். கரை வந்ததும் அவர் கைகொடுத்து இறக்கிவிட்டார். மரப்பலகை வழியாக நடந்து மண்ணில் கால் வைத்தாள்.

"பாத்தும்மா, பலகை வழுக்கும். என் கையைப் பிடிச்சுக்குங்க."

அந்தக் குரல் அவளிடம் பேசவில்லை.

திரும்பினாள். காலிப் படகைப் பார்த்து அவர் கையை நீட்டியிருந்தார். யாரோ பிடித்து அழுத்தியதுபோல அந்தக் கை ஒரு முறை தாழ்ந்தது. படகு பாரம் குறைந்து மேலே எழும்பியது.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெட்டைப் பிள்ளைங்களாம்மா? அப்படியே அச்சு. என்ன, இவங்க வழி முழுக்க வாயே திறக்கலை."

பலகை நடுவில் வளைந்தது.

பிறகு, அவளுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வளைந்தது.